பழைய ஆக்சிலில் விரிசல் பார்ப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்து வந்த கடிதங்கள் பலவும் இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: செகண்ட்ஹேண்ட் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), ஹவுசிங் (அதை மூடியிருக்கும் கூடு), ஸ்டப் ஆக்சில் (சக்கரம் மாட்டும் குட்டைத் தண்டு) வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? மலைப்பாதையில் இந்தப் பாகம் ஒடிந்தால் வண்டி நின்று போவதோடு விஷயம் முடிவதில்லை. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். ஃபேக்டரிக்குப் போகும் ஏற்றத்தில் பின்பக்க ஆக்சில் ஷாஃப்ட் ஒடிந்துவிட்டது. கோவை உக்கடத்தில் பழசு கிடைக்கும் என்கிறார்கள். கடையில் நின்றபடியே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஓரளவுக்கு முடியும். அதற்கு முன், ஒடிந்த துண்டுகள் இரண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள். இடது, வலது ஷாஃப்ட்டின் நீளம் பல வண்டிகளில் வேறு வேறாக இருக்கும். ஸ்ப்ளைன் பற்களின் (ஷாஃப்ட்டின் முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பற்கள்) எண்ணிக்கை, பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம், வீல் போல்ட் துளைகளின் வட்ட அளவு, இந்த மூன்றும் ஒடிந்த துண்டோடு ஒத்துப்போக வேண்டும். ‘அதே மாடல்தான், போடலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்கி வந்து, பற்களில் ஒன்று கூடுதலாக இருந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

அதைவிட முக்கியமான காரணம் ஒடிந்த முகம். அதைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஓர் ஓரத்திலிருந்து கிளம்பி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன தடம் போல வளைவு வளைவாக வழவழப்பான கோடுகள் பரவியிருந்து, மீதி இடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அது ஒரே நாளில் ஒடிந்ததல்ல. சின்ன விரிசல் பல மாதமாக வளர்ந்து, மிச்சமிருந்த இரும்பு தாங்காமல் கடைசியில் விட்டிருக்கிறது. அந்த இடம் பேரிங்குக்குப் பக்கத்தில் என்றால் ஹவுசிங் வளைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். அதைச் சரி செய்யாமல் எந்த ஷாஃப்ட்டைப் போட்டாலும் அதே இடத்தில் மறுபடி ஒடியும். முகம் முழுக்கச் சொரசொரப்பாக, முறுக்கிப் பிய்த்த மாதிரி இருந்து, ஸ்ப்ளைன் பற்களும் திருகியிருந்தால், அது அளவுக்கு மீறிய லோடு, அல்லது கிளட்ச்சைச் சட்டென்று விட்டதால் வந்த அடி.

இனி கடையில். ஷாஃப்ட் முழுவதும் தேட வேண்டியதில்லை. விட்டம் மாறுகிற இடத்தில்தான் விரிசல் பிறக்கும். தட்டு மாதிரியான ஃபிளேஞ்ச் ஷாஃப்ட்டோடு சேரும் வளைவு, பேரிங் உட்காரும் இடத்தின் இரு ஓரம், பேரிங்கைப் பிடிக்கும் ரிங்கின் விளிம்பு, ஸ்ப்ளைன் பற்கள் முடிந்து வெறும் தண்டு தொடங்கும் இடம், கூம்பு முனை ஷாஃப்ட்டாக இருந்தால் சாவிப் பள்ளத்தின் உள்மூலை. தண்டின் நடுப்பகுதி இத்தனை மோசமில்லை. ஆனால் துருப் புள்ளிகள் குழி குழியாக விழுந்திருந்தால் அங்கேயும் தொடங்கும். மழையிலும் பனிமூட்டத்திலும் திறந்த வெளியில் கிடந்த சாமான்களில் இந்தக் குழிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஒரு கம்பி பிரஷ், அரை லிட்டர் டீசல் அல்லது மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட், சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு அடிக்கோல் எடுத்துப் போங்கள். கிரீஸும் மண்ணும் காய்ந்து கெட்டியான படலத்துக்கு அடியில் எந்த விரிசலும் தெரியாது. கையால் தேய்த்துக் கழுவுங்கள். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்க்கவோ மணலடிக்கவோ விடாதீர்கள். மேல்பரப்பு இரும்பு நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும். கழுவிக் காய்ந்த பிறகு, டார்ச்சை நேராக அடிக்காமல் கிட்டத்தட்ட ஷாஃப்ட்டோடு படுக்க வைத்து அடித்துக்கொண்டே மெல்ல உருட்டுங்கள். விரிசல் மெல்லிய கறுப்பு முடியாக நிழல் காட்டும். பிறகு நகத்தை அதன் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் கீறலோ விரிசலோ இருக்கிறது. தட்டவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. தண்டைச் சுற்றி வட்டமாகப் போகும் கோடு வளைவு அழுத்தத்தால் வருவது. சுமார் 45 டிகிரி சாய்ந்து திருகிப் போகும் கோடு முறுக்கால் வருவது. லேத் விட்டுப்போன கோடு தண்டைச் சுற்றி ஒரே சீராக இருக்கும். விரிசல் தொடங்கி, நெளிந்து, நின்றுவிடும்.

அடிக்கோலை ஸ்ப்ளைனின் ஒரு பள்ளத்தோடு ஒட்டி வையுங்கள். பள்ளம் கோலை விட்டு விலகிப் போனால் பற்கள் திருகிவிட்டன. விரிசல் கண்ணில் படாவிட்டாலும் அந்த ஷாஃப்ட் வேண்டாம்.

பேரிங் இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நேரம் செலவிடுங்கள். பழைய பேரிங்கைக் கழற்ற, பிடித்திருக்கும் ரிங்கைத் துளை போட்டு உளியால் உடைப்பதுதான் முறை. அவசரக்காரர்கள் கேஸ் வைத்து அறுப்பார்கள். அந்த இடத்தில் நீலமோ, வைக்கோல் மஞ்சளோ தட்டியிருந்தால் சூடு பட்டிருக்கிறது, பதம் போயிருக்கிறது. உளியின் முனை ஷாஃப்ட்டில் பட்ட ஒரு வெட்டு போதும், நாளைக்கு விரிசல் அங்கே ஆரம்பிக்கும். பேரிங் லூசாக இருந்ததற்காகச் சுற்றிலும் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்திருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த ஷாஃப்ட்டை வாங்க வேண்டாம். விற்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதை நீங்களும் பார்க்க முடியாது, அவரும் பார்த்திருக்க முடியாது. பெயின்ட் ரிமூவர் போட்டு எடுக்கச் சம்மதித்தால் மேற்கொண்டு பேசுங்கள்.

எங்கள் கருத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். உங்கள் வண்டியில் வீல் போல்ட்டுகள் ஷாஃப்ட்டின் தட்டிலிருந்தே வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அது செமி ஃப்ளோட்டிங். வண்டியின் பாரத்தையும் ஷாஃப்ட்தான் சுமக்கிறது. பேரிங்குக்கு வெளியே ஒடிந்தால் சக்கரம், டிரம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்தச் சக்கரத்தில் பிரேக்கும் இல்லை. லோடு ஏற்றி மலை இறங்குகிற வண்டிக்கு இந்த வகை ஷாஃப்ட் மட்டும் புதிதாகவே வாங்குங்கள். பணத்தை மிச்சப்படுத்த ஹவுசிங், ஹப், டிரம் என்று வேறு இடங்கள் இருக்கின்றன. இன்னொன்று: ஒரு பக்கம் விரிசல் வளர்ந்து ஒடிந்தது என்றால், அதே வயதுள்ள மறுபக்க ஷாஃப்ட்டையும் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: கடைக்காரர் ஷாஃப்ட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். கணீரென்று சத்தம் வந்தது. ‘கிராக் இருந்தால் இப்படிக் கேட்காது’ என்றார். இது போதுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: போதாது. பாதிக்கு மேல் போன விரிசல் இருந்தால் சத்தம் மொட்டையாக அடங்கும், அது உண்மை. ஆனால் ஃபிளேஞ்ச் வளைவில் 1 மி.மீ. ஆழத்தில் இருக்கும் விரிசல் சத்தத்தை மாற்றாது. மலையில் ஒடிக்கப்போவது அந்த 1 மி.மீ.தான். பேரிங்கோ ரிங்கோ மாட்டியபடியே தட்டினால் நல்ல ஷாஃப்ட்டும் மொட்டையாகத்தான் ஒலிக்கும். மொட்டைச் சத்தம் வந்தால் ஒதுக்க இந்தச் சோதனை உதவும். வாங்கச் சம்மதம் சொல்ல உதவாது.

கேள்வி: சிவப்புச் சாயம், வெள்ளைப் பவுடர், கிளீனர் என்று மூன்று ஸ்ப்ரே டப்பா உள்ள சோதனை செட் வாங்கினோம். கோவையில் நண்பர் செய்தபோது அழகாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் காலையில் செய்தால் வெள்ளை திட்டுத் திட்டாக வருகிறது, எல்லா இடமும் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. எங்கே தப்பு?
– வாசகர், மஞ்சூர்

பதில்: டப்பாவில் தப்பு இல்லை, காலை நேரத்தில்தான் தப்பு. இந்தச் சாயம் சாதாரணமாக 10 முதல் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் நன்றாக வேலை செய்யும். மார்கழி, தை மாதங்களில் உங்கள் பக்கம் காலையில் இரும்பைத் தொட்டால் கை விறைக்கும். அந்தக் குளிரில் சாயம் கெட்டிப்பட்டு விரிசலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். அதோடு பனிமூட்டத்தில் குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படியும். விரிசலின் வாயில் தண்ணீர் நின்றால் சாயம் உள்ளே போக இடமில்லை. வெள்ளை திட்டுத் திட்டாவதற்கும் இந்த ஈரமே காரணம்.

பாகத்தை முந்தின நாளே வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். குளிரிலிருந்து எடுத்து வந்த கையோடு சூடான அறையில் சோதிக்காதீர்கள், வியர்த்துக் கொட்டும். மறுநாள் வெயில் ஏறிய பிறகு, 11 மணியிலிருந்து 3 மணிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். டீசலில் கழுவி, தின்னரில் துடைத்து, பிறகு செட்டில் உள்ள கிளீனரால் துடைத்து, தலைமுடி காய வைக்கும் டிரையரால் சில நிமிடம் காற்று கொடுங்கள். தின்னரும் கிளீனரும் தீப்பிடிப்பவை; அவற்றின் வாடை முழுக்கப் போன பிறகு டிரையரைப் போடுங்கள், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். தொட்டால் இரும்பு கதகதப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.

சிவப்புச் சாயத்தைச் சந்தேகமான இடங்களில் நனையும்படி அடித்து 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். இரும்பு 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். 5 டிகிரிக்கும் கீழே என்றால் அன்றைக்குச் செய்யவே வேண்டாம். இடையில் சாயம் காய்ந்தால் மேலே இன்னொரு முறை அடியுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். மேலே உள்ள சாயத்தை எடுக்கக் கிளீனரை நேராகப் பாகத்தின் மீது அடிக்கிறார்கள். விரிசலுக்குள் போன சாயமும் அதோடு கழுவிப் போய்விடும், கிராக் உள்ள ஷாஃப்ட் ‘நல்லது’ ஆகிவிடும். முதலில் காய்ந்த, பிசிறு இல்லாத துணியால் முடிந்த மட்டும் துடையுங்கள். பிறகு துணியில் மட்டும் கொஞ்சம் கிளீனர் அடித்து, பிழிந்த ஈரத்தில் ஒரே திசையில் துடைத்து வாருங்கள். துணியில் மங்கலான இளஞ்சிவப்பு மட்டும் ஒட்டும்போது நிறுத்திவிடலாம். உங்களுக்கு எல்லா இடமும் இளஞ்சிவப்பாவது, இந்தத் துடைப்பு குறைந்ததால்.

வெள்ளை டப்பாவை உள்ளே குண்டு கடகடவென்று ஆடும் வரை நன்றாகக் குலுக்குங்கள். குளிரில் அழுத்தம் குறைந்து துப்பல் துப்பலாக வரும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் சரியாகும். அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் போனால் வெடிக்கும் டப்பா அது. 20, 30 செ.மீ. தள்ளி நின்று, அடியிலுள்ள இரும்பு லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சாக அடியுங்கள். அடித்த கணத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். கூரான சிவப்புக் கோடு தோன்றி மெல்லக் கனத்தால் விரிசல். தனித்தனிப் புள்ளிகள் என்றால் துருக்குழி அல்லது வார்ப்பு ஓட்டை. 10 நிமிடம் கழித்து இறுதியாகப் பாருங்கள். ஸ்ப்ளைன் பற்களின் அடியில் சாயம் சுலபமாகத் தங்கும், அதனால் அங்கே சிவப்பு தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். முழுக்கக் கழுவி மறுபடி செய்யுங்கள். அதே இடத்தில், அதே வடிவில் கோடு வந்தால் அது விரிசலேதான்.

இந்த செட் இல்லாதவர்கள் பழைய பட்டறை முறையில் செய்யலாம். மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து பாகத்தை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பவுடரை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிக் காயவிட வேண்டும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் விரிசலில் இருந்த எண்ணெய் வெள்ளையில் கறுத்த கோடாகக் கசியும். பெரிய விரிசலை நன்றாகவே காட்டும், மெல்லியதைத் தவறவிடும். இதைச் செய்த பிறகு சாயச் சோதனையும் செய்ய நினைத்தால் எண்ணெயை முழுக்க எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சாயம் உள்ளே இறங்காது.

கேள்வி: பழைய ஜீப்புக்குப் பின் ஆக்சில் ஹவுசிங் முழுதாக ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உட்காரும் இடத்தில் எண்ணெய் கசிந்த மாதிரி கறுப்பாக இருக்கிறது. சீல் போயிருக்கும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: சீல் இருப்பது சக்கரப் பக்கம். பட்டை உட்காரும் இடத்தில் கறுப்பு இருந்தால், அது சீலிலிருந்து வழிந்து வந்ததா, அங்கேயே பிறந்ததா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தட்டை வெல்டு செய்த கரை ஓரத்தில் விரிசல் விழுவது சகஜம். யூ போல்ட் லூசாகி, ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை தட்டிக்கொண்டே இருந்தால் வெல்டின் முனையிலிருந்து கிழியும். சென்டர் போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தால், அந்த ஹவுசிங் யூ போல்ட் லூசாகவே ரொம்ப நாள் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு இடம், நடுவிலுள்ள வார்ப்புக் குடத்தோடு இரண்டு பக்கக் குழாயும் சேரும் இணைப்பு. அங்கே பெயின்ட் வட்டமாகப் பிளந்து துரு எட்டிப் பார்த்தால் குழாய் உள்ளே ஆடுகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது. ஹவுசிங்கை வெளியே நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். இரு முனையையும் மரக்கட்டையோ ரப்பரோ வைத்து அடைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். வெளியே வெல்டு ஓரங்களில் சாக்பவுடர் கரைசல் பூசி ஓர் இரவு விடுங்கள். சந்தேகமான பக்கம் அடியில் வரும்படி சாய்த்து வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊடுருவாத விரிசல் குறைவு. சுவரை முழுக்கத் துளைத்த விரிசல் காலையில் ஈரக் கோடாகத் தெரியும். பாதி ஆழத்தில் நிற்கும் விரிசலை இது காட்டாது, அதற்குச் சாயச் சோதனைதான். சீலில்தான் கசிவு என்று தெரிந்தால், ஹவுசிங் மேலிருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே ஆயில் சூடேறி அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி வெளியே தள்ளும்.

ஆயில் போல்ட்டைக் கழற்றி மிச்சமிருக்கும் ஆயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங்குகளில் துரு இருக்கும். ஊசி ஊசியாக இரும்புத் துண்டு வந்தால் உள்ளே இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்) அல்லது பினியன் (அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) பல் போயிருக்கிறது. பல்லின் அடிவேரில் விரிசல் பாருங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் பொறித்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறு எண் என்றால் யாரோ கலந்து போட்டிருக்கிறார்கள், ஊளைச் சத்தம் நிச்சயம்.

வளைவு பார்க்க, இரு பக்கமும் ஹப், சக்கரம் மாட்டி, ரிம்முக்கு ரிம் உள்ள தூரத்தை மேலே, கீழே, முன்னால், பின்னால் என்று நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். சக்கரங்களைச் சுற்றிவிட்டு அளந்தாலும் அளவு ஒன்றாக வர வேண்டும். சில மி.மீ. மாறினால் லேத் பட்டறையில் கொடுத்து ஹவுசிங்கின் நேர்த்தன்மையைச் சோதித்த பிறகே விலை பேசுங்கள். உங்கள் ஜீப்பில் ஹப் நடுவில் ஒரு தட்டு தனி போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்ட்டை உருவிப் பார்த்துவிடலாம். இந்த வகையில் ஷாஃப்ட் ஒடிந்தாலும் பாரம் ஹப்பில் நிற்கும், சக்கரம் கழன்று ஓடாது. அதனால் இதற்குச் சோதித்த பழைய ஷாஃப்ட் போடுவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

கேள்வி: லேத் பட்டறையில், விரிசல் சின்னதுதான், வெல்டு வைத்துக் கடைந்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
– வாசகி, கேத்தி

பதில்: ஷாஃப்ட்டுக்கும் ஸ்டப் ஆக்சிலுக்கும் கூடவே கூடாது. இவை கரிமம் கூடிய எஃகு, மேல்தோலைப் பதம் ஏற்றிச் செய்தவை. வெல்டின் சூடு பட்டு ஆறும்போது பக்கத்து இரும்பு கண்ணாடியாக உடையும் தன்மைக்குப் போய்விடும். கடைந்து பளபளப்பாக்கியதும் பார்க்க அழகாக இருக்கும். ஒடிவது வெல்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி. தேய்ந்த பேரிங் இடத்தை வெல்டு நிரப்பிக் கடைவதும் இதே கதைதான். தகட்டால் செய்த ஹவுசிங்கில் வெல்டு கரை ஓரம் சின்னதாகக் கிழிந்திருந்தால் மட்டும் சரி செய்யலாம்: விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு, விரிசலை வி வடிவில் தோண்டி, ஈரம் ஏறாமல் உலர்த்திய 7018 வெல்டிங் ராடு வைத்து, ஹவுசிங்கை இறுக்கிப் பிடித்து வெல்டு செய்ய வேண்டும். பிறகு வளைவு அளக்க வேண்டும், வெல்டு இழுத்திருக்கும்.

கேள்வி: முன்சக்கர டிரைவ் உள்ள சின்னக் கார். டிரைவ் ஷாஃப்டும் நக்கிளும் (சக்கர ஹப்பைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்) பழசாக வாங்கப் போகிறேன். இதற்கும் இவ்வளவு சோதனை வேண்டுமா?
– வாசகர், ஊட்டி

பதில்: டிரைவ் ஷாஃப்ட்டில் தண்டைவிட ஜாயின்ட்டுகளைப் பாருங்கள். வெளிப்பக்க ஜாயின்ட்டின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் உள்ளே மண் போய்விட்டது, வேண்டாம். நன்றாக இருந்தாலும் கிளிப்பைக் கழற்றி, பூட்டைப் பின்னுக்குத் தள்ளி, கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். குண்டுகளைப் பிடிக்கும் கூண்டில் ஜன்னல் ஜன்னலாக இருக்கும். அந்த ஜன்னல் மூலைகளில்தான் கூண்டு விரியும். ஜாயின்ட்டை முழுக்க மடக்கிச் சுற்றினால் எல்லா மூலையும் கண்ணில் படும். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஏறுகிற மலைக் கார்களில் இந்தக் கூண்டுதான் அதிகம் அடி வாங்கும். குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் வளைவில் டக் டக் சத்தம் வரும். ஏபிஎஸ் உள்ள காரில் பல் ரிங் துருவேறிப் பிளந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நக்கிளை விபத்து வண்டியிலிருந்து வாங்காதீர்கள். விரிசல் இல்லாவிட்டாலும் வளைந்திருக்கும். பால் ஜாயின்ட் உட்காரும் கூம்புத் துளை, ஸ்ட்ரட் போல்ட் போகும் காதுகள், ஸ்டீயரிங் கை பிரியும் மூலை ஆகிய மூன்று இடங்களில் சாயச் சோதனை செய்தால் போதும்.

கேள்வி: கோவையில் காந்தச் சோதனை செய்து தருகிறார்களாமே. சாயச் சோதனையைவிட அது நல்லதா?
– வாசகர், அரவங்காடு

பதில்: ஷாஃப்ட், ஸ்டப் ஆக்சில் போன்ற எஃகுப் பாகங்களுக்கு அதுதான் மேல். பாகத்தைக் காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத் தூளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் தூள் வரிசையாக ஒட்டும். வாய் மூடிக்கிடக்கும் விரிசலையும், மேல்தோலுக்குச் சற்று அடியில் இருப்பதையும் காட்டும். சாயத்தால் அது முடியாது. ஆனால் கொடுக்கும்போது மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். காந்த ஓட்டத்துக்குக் குறுக்கே இருக்கும் விரிசல்தான் தெளிவாகத் தெரியும் என்பதால், நீளவாக்கில் ஒரு முறை, சுற்றுவாக்கில் ஒரு முறை என்று இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முனை பட்டு ஷாஃப்ட்டில் தீப்பொறித் தடம் விழக்கூடாது. முடிந்ததும் காந்தத்தை இறக்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் ஆயிலில் வரும் இரும்புத் தூளையெல்லாம் ஷாஃப்ட் பேரிங் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். அலுமினிய நக்கிள், அலுமினிய டிஃபரன்ஷியல் மூடிக்கு இந்தச் சோதனை செல்லாது. அவற்றுக்குச் சாயம்தான்.

ஒரு ஷாஃப்ட்டுக்காக மட்டும் கீழே போய் வருவது கட்டுப்படியாகாது. சோதிக்க வேண்டிய பாகங்களை நான்கைந்து வண்டிக்காரர்கள் சேர்த்து, காய்கறி லோடு மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டியில் அனுப்பினால் செலவு பங்காகும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஓடும் வண்டிகளில் மட்டும் ஷாஃப்ட் அடிக்கடி ஒடிவது ஏன்? சமவெளியில் இதே வண்டி வருஷக்கணக்கில் ஓடுகிறதே?
– வாசகர், குன்னூர்

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் முறுக்கு 200 நியூட்டன் மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 4.5 என்று வைத்துக்கொள்வோம். நேர் கியரில் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் சேர்த்து 900, ஒரு ஷாஃப்ட்டுக்குப் போவது 450. விகிதம் 4 உள்ள முதல் கியரில் அதுவே 1,800. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் லோடோடு முதல், இரண்டாம் கியரில் ஏறும் வண்டியின் ஷாஃப்ட், சமவெளி வண்டி எப்போதாவது பார்க்கும் முறுக்கை மணிக்கணக்கில் தாங்குகிறது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் இன்ஜின் பிடிக்கிறது. அப்போது முறுக்கு எதிர்த்திசையில் வருகிறது. ஒரே திசையில் முறுக்கினால் கூடுதல் நாள் தாங்கும் இரும்பு, இப்படி மாறி மாறி முறுக்கினால் சீக்கிரம் களைத்து விரிசல் விடும். அதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. கியரில்தான் இறங்க வேண்டும்; அந்தத் தேய்மானத்துக்கு ஏற்பச் சோதனையை அடிக்கடி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் டிரம்மின் சூடும் ஒரு காரணம். கல்லட்டியின் 36 வளைவு மாதிரியான நீண்ட இறக்கத்தில் சூடு ஹப் வரை ஏறி, கிரீஸ் உருகி ஓடுகிறது. பேரிங் தேய்கிறது, ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கிறது, பேரிங் ஓரத்தில் விரிசல் பிறக்கிறது. இதனால்தான் மலையில் ஓடிய வண்டியின் ஷாஃப்ட்டைவிட, தெரிந்தவரையில் சமவெளியில் ஓடிய வண்டியின் ஷாஃப்ட்டைத் தேடி வாங்குங்கள் என்கிறோம்.

கேள்வி: சோதித்து வாங்கிப் போட்டாகிவிட்டது. இனி என்ன கவனிக்க வேண்டும்? கடையில் என்ன எழுதி வாங்கியிருக்க வேண்டும்?
– வாசகர், எல்லநள்ளி

பதில்: பில்லில் பாகத்தின் பெயர், எந்த வண்டி மாடல், ‘சோதனையில் விரிசல் தெரிந்தால் இத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்’ என்ற ஒரு வரி, மூன்றும் இருக்கட்டும். ஒரு வாரம் கிடைத்தாலே சோதிக்கப் போதும். எழுதித் தர மறுக்கும் கடையில் ஹப், டிரம் வாங்கலாம், ஷாஃப்ட் வேண்டாம்.

பேரிங், ரிங், ஆயில் சீல் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். ரிங்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. முந்தைய ஷாஃப்ட் ஒடிந்திருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்து, உள்ளே சிதறிய துண்டுகளைக் காந்தத்தால் துழாவி எடுத்த பிறகே புது ஆயில் ஊற்றுங்கள். கிரேடு வண்டியின் புத்தகத்தில் சொன்னபடி. வீல் நட்டுகளை 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முடுக்குங்கள். 500 கி.மீ.க்குள் ஒரு முறை டிரம்மைக் கழற்றி உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரம் இருந்து சீலும் புதிதாக இருந்தால், ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்தி, ஷாஃப்ட்டை வெளியே எடுத்துப் பேரிங் ஓரத்தை மறுபடி சாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.